பூவிலும் சுவரிலும் விரிந்த குவில்ட்: எல்க்ஹார்ட் கவுண்டியைச் சுற்றிப் பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தின் வட எல்லையில், மிச்சிகனை ஒட்டி, எல்க்ஹார்ட் கவுண்டி இருக்கிறது; கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிகள் நாட்டிலேயே மிக அதிகமாகத் தயாராவது இங்கேதான். அதோடு, பென்சில்வேனியாவின் லான்காஸ்டர், ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டிப் பகுதிகளுக்கு அடுத்தபடியாக, நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின், அமெரிக்காவிலேயே மூன்றாவது பெரிய குடியிருப்பும் இதைச் சேர்ந்தும் பக்கத்து லக்ரேஞ்ச் கவுண்டியைச் சேர்ந்தும் பரவியிருக்கிறது. கவுண்டியின் தலைநகரான கோஷன், ஒரே பிரதான வீதியைச் சுற்றி வளர்ந்த சிறு நகரம். ஒவ்வொரு ஆண்டும் மே 30 முதல் செப்டம்பர் 15 வரை கோஷனிலும் அதைச் சுற்றியுள்ள எல்க்ஹார்ட், மிடில்பரி, நாப்பனீ, பிரிஸ்டல், வாக்கருசா ஆகிய ஊர்களிலும், குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைகளின் வடிவங்களில் பெரிய பூப்பாத்திகளை அமைக்கிறார்கள். அவற்றுடன் கட்டடங்களின் மேல் கையால் வரைந்த குவில்ட் ஓவியங்களும் உண்டு. இரண்டையும் பார்க்கக் கட்டணம் கிடையாது, வழிகாட்டியும் தேவையில்லை. ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு நம் காரில் நாமே போய்வரலாம். சிகாகோ புறநகரில் வசிக்கும் நாங்கள், கோடையில் ஊரிலிருந்து பெற்றோர் வரும்போதெல்லாம் எங்கே அழைத்துப்போவது என்று யோசிப்பது வழக்கம். நயாகராவையும் வாஷிங்டனையும் பார்த்து முடித்துவிட்ட என் அம்மாவுக்கு, அதிகம் நடக்காமல், படியேறாமல் பார்க்கக்கூடிய ஓர் இடம் தேவைப்பட்டது. அப்படித்தான் எங்களுக்கு இந்தச் சுற்று அறிமுகமாயிற்று.

குவில்ட் என்பது மூன்று அடுக்குள்ள போர்வை. மேலே, சிறு சிறு துணித்துண்டுகளை வடிவம் பார்த்து இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிப்பதற்காகப் போர்வை முழுவதும் ஓடும் நுணுக்கமான ஓடுதையல்தான் அதன் உயிர். மேல்துணியைப் பெரும்பாலும் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பத் தைப்பார்கள். ஒஹாயோ ஸ்டார், நைன் பேட்ச், லாக் கேபின், ட்ரெஸ்டன் பிளேட், டபுள் வெட்டிங் ரிங் என்று இந்த வடிவங்களுக்குத் தலைமுறைகளாக வழங்கிவரும் பெயர்கள் இருக்கின்றன. தமிழர் எவரும் முதலில் இவற்றைக் கோலத்தோடுதான் ஒப்பிடுவார்கள். என் அம்மாவும் ஒப்பிட்டார். ஆனால் அந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். புள்ளிக்கோலத்தில் கண் கோட்டைப் பின்தொடர்கிறது. குவில்டிலோ கோடு என்று தனியாக ஒன்று இல்லை, வெளிர்நிறத் துண்டும் அடர்நிறத் துண்டும் சந்திக்கும் இடத்தில் அது தானாகத் தோன்றுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பூப்பாத்திகளில் எது நன்றாக அமைந்திருக்கிறது, எது சறுக்கியிருக்கிறது என்று நமக்கே புரியத் தொடங்கும்.

போக விரும்புவோருக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பூவையும் சுவரையும் பார்ப்பதற்கு முன்னால் துணியைப் பாருங்கள் என்பதுதான். நேராகத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அது அழகான வண்ணப் பாத்தியாக மட்டுமே தெரியும். ஐந்தாவது பாத்தியில் சலிப்பு வந்துவிடும். துணியில் அந்த வடிவம் எப்படி உருவாகிறது என்பதைத் தொட்டும் தடவியும் அறிந்தவர்களுக்கு ஒவ்வொரு பாத்தியும் ஒரு கேள்வியை எழுப்பும்: இந்த முக்கோணத்தின் கூர்முனையைப் பூச்செடியால் எப்படிக் கொண்டுவந்தார்கள்? கோஷனில் ஓல்டு பேக் ஃபேக்டரி என்ற செங்கல் கட்டடம் இருக்கிறது. 1896இல் சோப்புத் தொழிற்சாலையாகக் கட்டப்பட்டு, பிற்காலத்தில் பைகள் தயாரிக்கும் ஆலையாக மாறி, அது மூடப்பட்டபின் கைவினைஞர்களின் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் உரிய இடமாகச் சீரமைக்கப்பட்டது. பெரிய உத்தரங்களும், நடக்கும்போது முனகும் பலகைத் தரையும் அப்படியே இருக்கின்றன. கவுண்டி முழுவதும் இப்படிக் குவில்ட்களையும் துணிகளையும் விற்கும் கடைகள் ஏராளம். அவற்றில் ஏதேனும் ஒன்றில் அரைமணி நேரம் செலவிட்டுவிட்டுத் தோட்டங்களுக்குப் போவது நல்லது.

நாங்கள் நுழைந்த கடையில் கட்டில் அளவுக் குவில்ட்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வைத்திருந்தார்கள். கடைக்காரப் பெண்மணி வெள்ளைக் கையுறை அணிந்துகொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். மேலே இருந்த நட்சத்திர வடிவத்தை நாங்கள் வியந்துகொண்டிருக்க, இளமையில் ஊரில் தையல் பழகியிருந்த அம்மா மட்டும் என் கையைப் பிடித்து, “பின்பக்கத்தத் திருப்பிக் காட்டச் சொல்லுடா, வேலை எப்படின்னு அங்கதான் தெரியும்” என்றார். கேட்டதும் அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. ஒற்றை நிற அடித்துணியில், முன்பக்கத்து நட்சத்திரத்தின் சுவடே இல்லாமல், இறகு வடிவில் வளைந்து வளைந்து ஓடிய தையல் மட்டும் தனி ஓவியமாகத் தெரிந்தது. அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் வரை விழுந்தால் நல்ல கைவேலை என்பது குவில்ட் தைப்பவர்களின் கணக்கு. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை எண்ணியே பார்த்தார். விலைச்சீட்டைப் பார்த்து மயங்கும் முன், ஒரு குவில்டுக்குப் பல நூறு மணி நேர உழைப்பு ஆகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கோஷன் நகரின் நடுவில் உள்ள நீதிமன்ற வளாகம் அடுத்த நிறுத்தமாக அமைவது வசதி. சுற்றிலும் கடைவீதி, நடுவில் மணிக்கூண்டுடன் கூடிய பழைய கட்டடம், நிழல் தரும் மரங்கள், பசும்புல் என்று, உட்கார்ந்து இளைப்பாறவும் ஏற்ற இடம். வளாகத்தின் மூலையில், சுண்ணாம்புக் கல்லால் எண்கோண வடிவில் கட்டிய சிறு காவல் கூண்டு ஒன்று நிற்கிறது. வங்கிக் கொள்ளைக்காரர்கள் மத்திய மேற்குப் பகுதியைக் கலக்கிய 1930களின் நினைவு அகலாத நிலையில், 1939இல், துப்பாக்கிக் குண்டு துளைக்காத கண்ணாடி பொருத்தி, வீதியின் இருபுறமும் இருந்த வங்கிகளைக் கண்காணிக்க அதைக் கட்டினார்கள். குவில்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பூக்களில் ஆர்வமில்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த என் மகனை அங்கே சற்று நேரம் உற்சாகமாக வைத்திருந்தது இந்தக் கூண்டுதான் என்பதால், பிள்ளைகளோடு போகிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

பூப்பாத்திகளை ஆற அமர, பக்கத்தில் குனிந்து பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் பயன்படுத்துவது ஒரே கோடையில் வாழ்ந்து முடியும் செடிகள்தாம்: பிகோனியா, பெட்டூனியா, நமக்குப் பழக்கமான செண்டுமல்லி, இளநீல ஊதாவில் பூக்கும் அஜிரேட்டம், வெண்மையாய்த் தரையோடு படரும் அலிசம், சாம்பல் வெள்ளி நிற இலைக்காகவே நடப்படும் டஸ்டி மில்லர். வடக்கு இந்தியானாவில் மே மாதத்தின் நடுப்பகுதி வரை உறைபனி அச்சம் உண்டு. ஆகவே அது தீர்ந்தபிறகு, கயிறு கட்டி அளந்து கட்டம் பிரித்து, தன்னார்வலர்களும் அந்தந்த இடத்தைச் சேர்ந்தவர்களும் நாற்றுகளை நடுகிறார்கள். ஒரு பாத்திக்கே ஆயிரக்கணக்கான நாற்றுகள் பிடிக்கும். எல்லா இடங்களையும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கள் என்று சுற்றுலாத் துறையினர் விளம்பரப்படுத்துகிறார்கள். வடிவங்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன என்பதால், எந்த ஊரில் எந்த வடிவம் என்று இங்கே எழுதுவதில் பயனில்லை.

துணியில் எளிதாக இருப்பது செடியில் எவ்வளவு கடினம் என்பதை ஒரு பாத்தியின் ஓரத்தில் நின்று பார்த்தபோது புரிந்துகொண்டேன். எட்டு முனை நட்சத்திரம் ஒன்று, சிவப்புப் பிகோனியாவில், வெள்ளைப் பின்னணியில் நடப்பட்டிருந்தது. துணியில் முக்கோணத்தின் முனை ஊசிபோல் முடியும். இங்கே அந்த முனையில் கடைசியாக இருந்தது ஒரே ஒரு செடி. அந்த ஒரு செடி கொஞ்சம் தழைத்தாலும் நட்சத்திரத்தின் முனை மழுங்கிவிடும்; அது வாடினாலோ முனையே காணாமல் போகும். அந்த முனைகளை மட்டும் யாரோ கத்தரியால் ஒழுங்குபடுத்தியிருந்ததன் அடையாளமாக, நறுக்கிய தண்டுகள் செடியடியில் கிடந்தன. பிகோனியா தானாகவே பழைய பூக்களை உதிர்த்துவிட்டுக் குட்டையாகவும் உருண்டையாகவும் நிற்பதால்தான் இத்தகைய வேலைக்கு அதை அதிகம் விரும்புகிறார்கள் போலும். பக்கத்திலேயே இருந்த பெட்டூனியாக் கட்டம், முந்தைய இரவு பெய்த மழையில் தலைசாய்ந்து, தன் எல்லையைத் தாண்டி அடுத்த நிறத்துக்குள் விழுந்து கிடந்தது.

நிறங்களிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. உண்மையான நீலம் பாத்திச் செடிகளில் அரிது. அஜிரேட்டத்தின் ஊதா கலந்த நீலத்தைக் கொண்டுதான் ஈடுகட்டுகிறார்கள். கறுப்பு அறவே கிடையாது. கரும்பழுப்பு இலையுள்ள பிகோனியா வகையாலோ, மண்மேல் பரப்பிய மரத்தூளாலோதான் அடர்நிறத்தைக் கொண்டுவர முடியும். இதில்தான் ஒரு வேடிக்கை அடங்கியிருக்கிறது. வடக்கு இந்தியானா ஆமிஷ் பெண்கள் பழங்காலத்தில் தைத்த குவில்ட்கள் பெரும்பாலும் பூப்போட்ட துணியே சேராத, ஒற்றை நிறத் துணிகளால் ஆனவை. பலவற்றின் பின்னணி கறுப்பு அல்லது அடர்நீலம். அந்தக் கருமைக்கு நடுவே எரியும் சிவப்பும் மயில்நீலமும்தான் அவற்றின் தனி அழகு. ஆக, ஆமிஷ் நாட்டின் அடையாளமாக நடப்படும் பூப்பாத்திகளால், ஆமிஷ் குவில்டின் தலைசிறந்த பண்பை மட்டும் காட்ட முடிவதில்லை. இளஞ்சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சிரிக்கும் பாத்திகளைப் பார்த்துவிட்டு இதுதான் ஆமிஷ் கலை என்று முடிவுசெய்துவிடக் கூடாது.

அந்தப் பழைய குவில்ட்களை உலகம் கலையாகப் பார்க்கத் தொடங்கியதற்கு ஒரு திருப்புமுனை உண்டு. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், ஜொனாதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்த குவில்ட்களை, நவீன ஓவியங்களை மாட்டும் அதே முறையில் வெள்ளைச் சுவர்களில் செங்குத்தாக மாட்டிக் காட்சிக்கு வைத்தது. கட்டிலில் கிடந்த போர்வை சுவருக்கு ஏறியதும் அதன் வடிவ ஒழுங்கு எல்லோர் கண்ணுக்கும் பட்டது. வடக்கு இந்தியானா ஆமிஷ் குவில்ட்களைப் பொறுத்தவரை, டேவிட் பாட்டிஞ்சர் என்பவர் சேர்த்த பெரிய தொகுப்பு இண்டியானாபொலிஸில் உள்ள இந்தியானா மாநில அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. தோட்டச் சுற்றால் ஆர்வம் தூண்டப்பட்டவர்கள், எப்போதேனும் அந்தப் பக்கம் போகும்போது, அவற்றில் ஏதேனும் காட்சியில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போகலாம்.

கட்டடங்களின் மேல் நாம் பார்க்கும் குவில்ட் ஓவியங்கள் வேறொரு வழக்கத்துக்கு உறவு. 2001இல், ஒஹாயோ மாநிலத்தின் ஆடம்ஸ் கவுண்டியில் டானா சூ குரோவ்ஸ் என்பவர், குவில்ட் தைப்பதில் வல்லவரான தம் தாய் மாக்சீனைச் சிறப்பிப்பதற்காக ஒரு குவில்ட் கட்டத்தைக் களஞ்சியச் சுவரில் வரைய விரும்பினார். அந்த விருப்பம் ஒரு வழித்தடமாக விரிந்து, இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் பரவியிருக்கிறது. அந்த வழக்கத்தில் 8 அடிக்கு 8 அடி அளவுள்ள பலகையில், ஒட்டுநாடா ஒட்டி எல்லை பிரித்து, வெளிப்புறப் பெயின்ட் பூசி, களஞ்சியத்தின் நெற்றியில் ஏற்றுவார்கள். எல்க்ஹார்ட் கவுண்டியின் ஓவியங்கள் ஊர் நடுவிலுள்ள கட்டடங்களில் இருப்பதால் இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்க்க முடிகிறது; ஆனால் அப்படிப் பார்ப்பதைவிட எதிர்ச்சாரி நடைபாதையிலிருந்து பார்ப்பதே மேல் என்பது என் அனுபவம். தூரத்திலிருந்து படிப்பதற்காகவே அவற்றின் நிறங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. பூப்பாத்திக்குப் பருவம் உண்டு, ஓவியத்துக்கு இல்லை என்பதால், செப்டம்பருக்குப் பிறகு இலையுதிர் வண்ணங்களைப் பார்க்கப் போகிறவர்களும் இவற்றைப் பார்த்துவரலாம்.

பூப்பாத்திகளுக்கோ உயரம் முக்கியம். தரைமட்டத்தில் நின்றால் முன்வரிசைச் செடிகள் பின்வரிசையை மறைத்து, வடிவம் நசுங்கித் தெரியும். இதை உணர்ந்து சில இடங்களில் பாத்தியையே பார்ப்பவரை நோக்கிச் சாய்வாக அமைத்திருக்கிறார்கள். சில இடங்களில் ஏறிநின்று பார்க்க மேடை இருக்கிறது. மேடை இல்லாத இடத்தில் பக்கத்துக் கட்டடத்தின் வாசற்படி, ஒரு திண்டு, அதுவும் இல்லாவிட்டால் கையை உயர்த்திப் பிடித்த கைப்பேசி ஆகியவை உதவும். குவில்ட் தைப்பவர்கள் கையாளும் ஓர் உத்தியையும் இங்கே பயன்படுத்தலாம்: எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் அகன்று அடர்த்தி மட்டும் எஞ்சும்போது, சரியாக அமைந்த பாத்தியில் நட்சத்திரம் துலக்கமாக நிற்கும். ஆரஞ்சும் சிவப்பும் அக்கம்பக்கமாக நட்ட பாத்தியில் வடிவம் முழுவதும் ஒரே சாம்பலில் கரைந்துவிடும். நேரில் கண்ணைப் பறித்த ஒரு பாத்தி படத்தில் கரைந்துபோனதையும், சாதாரணமாகத் தோன்றிய வேறொன்று படத்தில் நிமிர்ந்து நின்றதையும் பார்த்தபின், நாங்கள் ஒவ்வோர் இடத்திலும் இதைச் செய்து பார்க்கத் தொடங்கினோம். அதுவரை பாத்திகளைப் பார்க்கக் காரைவிட்டு இறங்க மறுத்த மகனும் இதில் சேர்ந்துகொண்டான்.

எப்போது போவது என்பதற்கு வருவோம். ஜூன் தொடக்கத்தில் செடிகள் சிறியவை. கட்டங்களின் எல்லை கூர்மையாக இருக்கும், ஆனால் நடுவே மண் தெரியும். ஆகஸ்ட் இறுதிக்குள் பூ நிறைந்து வழியும், எல்லை மங்கும். செப்டம்பரில் சில பாத்திகள் களைத்துப்போயிருக்கும். வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை நடுப்பகுதியும், நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் பாதியும் பொருத்தம் என்பேன். ஒரு நாளுக்குள் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் நல்லது. உச்சிவெயிலில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகிக் கண் கூசும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நலம். தோட்டங்கள் திறந்தவெளியில்தான் இருக்கின்றன என்றாலும், ஆமிஷ் குடும்பங்களும், அவர்களோடு உறவுள்ள கிறிஸ்தவப் பிரிவினரான மென்னொனைட் குடும்பங்களும் நடத்தும் கடைகளும் உணவகங்களும் அன்று மூடியிருக்கும், ஆகவே நான் முதலில் சொன்ன துணி பார்க்கும் வேலை நடக்காது.

எல்லா ஊர்களையும் இணைக்கும் ஹெரிட்டேஜ் டிரெயில் என்ற சுற்றுப்பாதை ஏறத்தாழ 90 மைல் நீளமானது. அதை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று விளம்பரங்கள் நம்மை நம்பச்செய்யும், முடிக்கவும் முடியும்தான். ஆனால் அப்படி ஓடினால், காரில் ஏறியதும் இறங்கியதும்தான் நினைவில் நிற்கும். ஒரு நாளுக்குக் கோஷன், அதனுடன் இன்னோர் ஊர் என்று வைத்துக்கொள்வதே சரி. கிழக்கே மிடில்பரியைச் சேர்த்தால், 1933–34இல் நடந்த சிகாகோ உலகக் கண்காட்சிக்காக மிடில்பரியின் கிரைடர் நாற்றுப்பண்ணை அமைத்த தோட்டத்தின் அலங்காரங்களை இங்கே கொண்டுவந்து உருவாக்கிய கிரைடர் தோட்டத்தையும் பார்க்கலாம். பழைய ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக்கிய பம்ப்கின்வைன் டிரெயில் அதன் அருகிலேயே போகிறது. வடமேற்கே எல்க்ஹார்ட் நகரைச் சேர்த்தால், 1910இல் கட்டிய ரூத்மியர் மாளிகையும் ஆற்றங்கரைப் பூங்காக்களும் கிடைக்கும். தலைவலிக்கும் வயிற்றெரிச்சலுக்கும் தண்ணீரில் பொங்கும் அல்கா செல்ட்சர் மாத்திரை 1931இல் வெளிவந்ததும் இந்த ஊரிலிருந்துதான். தென்மேற்கே உள்ள நாப்பனீ, பழைய சமையலறை அலமாரித் தொழிற்சாலையைக் கடைகளாக மாற்றிய காப்பஸ் காமன்ஸ் ஒன்றுக்காகவே போகத் தக்கது. எனக்கு மிடில்பரிதான் பிடித்தது. மற்றவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

அந்தந்த ஆண்டுக்கான வரைபடத்தைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். சிகாகோவிலிருந்து சுங்கச்சாலையில் வருகிறவர்களுக்கு 92ஆம் வெளிவழிக்குப் பக்கத்தில் எல்க்ஹார்ட் கவுண்டியின் சுற்றுலா வரவேற்பு மையம் இருக்கிறது. அச்சிட்ட வழிகாட்டியை இலவசமாகத் தருவார்கள். தோட்டங்களின் பட்டியல் சிறிது சிறிதாக மாறிக்கொண்டிருப்பதால் பழைய பட்டியலை நம்பிப் போவது வீண். அதைவிட முக்கியமானது கடிகாரம். சிகாகோ மத்திய நேரத்தில் இருக்கிறது. எல்க்ஹார்ட் கவுண்டி கிழக்கு நேரத்தில் இருக்கிறது. கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், பல கார்களின் கடிகாரம் மாறாது. இரண்டு மணி நேரப் பயணம்தானே என்று எட்டுக்குக் கிளம்பினால் போய்ச் சேரும்போது அங்கே பதினொன்று ஆகியிருக்கும். காலை வெளிச்சம் போய்விட்டிருக்கும்.

சாலையில் கவனிக்க வேண்டியவை சில. ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள் கவுண்டிச் சாலைகளில் மட்டுமல்ல, கோஷனின் பிரதான வீதியிலும் வரும். மேடேறி இறங்கும் இடத்தில் வண்டியின் பின்புறம் மாட்டிய ஆரஞ்சு நிற எச்சரிக்கை முக்கோணம் திடீரென்று முன்னால் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, நல்ல இடைவெளி விட்டுப் பின்தொடருங்கள். ஹாரன் அடித்தால் குதிரை மிரளும். கோஷனையும் எல்க்ஹார்ட்டையும் ஊடுருவிச் செல்லும் சிகாகோ ரயில்பாதையில் நீண்ட சரக்கு வண்டிகள் அடிக்கடி போகும். மூடிய கேட்டில் நிற்பதற்கென்று அட்டவணையில் நேரம் ஒதுக்கிவிடுவது நிம்மதி. ஆர்வி தொழிற்சாலைகள் அதிகாலையில் தொடங்கிப் பிற்பகலிலேயே விடுவதால், வார நாளில் போக்குவரத்து நெரிசலும் நாம் எதிர்பாராத நேரத்தில், மதியத்துக்குப் பின் சீக்கிரமே வந்துவிடும்.

ஆமிஷ் மக்களைப் படம் எடுக்காதீர்கள். முகம் தெரியும்படி படத்துக்கு நிற்பதை அவர்கள் சமயக் கொள்கை காரணமாக விரும்புவதில்லை. பூப்பாத்திக்குப் பின்னால் ஒரு குதிரை வண்டி கடந்துபோனால் படம் அழகாகத்தான் இருக்கும். அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். பேச்சுக் கொடுத்தால் இயல்பாகப் பேசுவார்கள். வீட்டில் பென்சில்வேனியா ஜெர்மன் பேசும் அவர்கள் நம்மிடம் தெளிவான ஆங்கிலத்தில் பேசுவார்கள். எங்கள் ஊர் எது, அங்கே என்ன விளையும் என்று ஒரு காய்கறிக் கடைக்காரர் அம்மாவிடம் என் வழியாக நெடுநேரம் விசாரித்தார்.

சைவ உணவுக்காரர்கள் முன்னெச்சரிக்கையோடு போவது அவசியம். இப்பகுதி வீட்டுச் சமையல் முறையில் நூடுல்ஸைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும், பச்சை பீன்ஸில் பன்றியிறைச்சித் துண்டு சேர்ப்பதும், பை என்ற இனிப்பின் மேலோட்டுக்குப் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்துவதும் வழக்கம். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். நாங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்ப் பூங்கா மேசையில் சாப்பிட்டோம்; கடையில் வாங்கியது ரொட்டி, ஆப்பிள் பட்டர், சீஸ் மட்டும். பூப்பாத்திகள் பலவற்றுக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்காது. வயதானவர்களை அழைத்துப்போகும்போது வரவேற்பு மையம், உணவகம், பெரிய கடைகள் ஆகியவற்றை இடையிடையே வைத்து வழியைத் திட்டமிட்டால் சங்கடமில்லை. மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். நிழல் உள்ள இடங்களிலெல்லாம் இருக்கை இருப்பதில்லை.

குவில்ட் வாங்க நினைப்பவர்கள் சுற்றின் முடிவில் கடைக்குத் திரும்புவது நல்லது. பகல் முழுவதும் வடிவங்களைப் பார்த்த கண்ணுக்கு எது வேண்டும் என்று தெரிந்திருக்கும். முழுக் குவில்டின் விலை எட்டாது என்றால் ஒரே கட்டத்தில் தைத்த தலையணை உறை, சுவரில் மாட்டும் சிறு துண்டு, சமையலறைப் பிடிதுணி ஆகியவை இருக்கின்றன. கையால் தைத்ததா, இயந்திரத்தில் தைத்ததா, எங்கே தைத்தது என்று மூன்றையும் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர்கள் தயங்காமல் சொல்வார்கள். மேல்துணியை இயந்திரத்தில் இணைத்துவிட்டு ஓடுதையலை மட்டும் கையால் போடுவது இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அம்மா வாங்கியது அடர்நீலத்தில் ஒற்றைச் சிவப்பு நட்சத்திரம் வைத்த ஒரு சுவர்த்துண்டு. சென்னைக்குப் போகும் பெட்டியில் மடிப்புத் தடம் விழாமலிருக்க, மடிக்காமல் உருட்டி வைக்கும்படி கடையில் சொல்லிக் கொடுத்தார்கள். முன்பக்கம் வெளியே தெரியும்படி உருட்ட வேண்டுமாம், உள்ளே வைத்து உருட்டினால் மேல்துணியில் சுருக்கம் விழும்.